உன் டி டிரைவின் வரப்பை எடுத்தது குறித்து

திருத்தணி,
பார்த்திப வருடம் ஆனி 22, புதன்கிழமை

ஐதராபாத்தில் வேலையாக இருக்கும் என் இளைய மகன் சிரஞ்சீவி அரசுக்கு, உன் நைனா தங்கவேல் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதச் செய்துகொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் அண்ணன் ஆறுமுகம், அண்ணி ஷாலினி, சிவப்புப் பசு, அதன் கன்று எல்லோரும் மலைமேல் இருப்பவன் தயவில் சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேறிவிட்டது. அது தேறிய விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் கொஞ்சம் சூடாக ஏதாவது சொன்னால் நீ "ஹலோ, ஹலோ, கேக்கல நைனா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எனக்கு எழுத்து தெரியாது. ஷாலினி எழுதுவாள், ஆனால் இந்த விவகாரத்தில் அவள் ஒரு கட்சி, கட்சிக்காரியே பத்திரம் எழுதினால் செல்லாது. ஆகையால் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய ஆதிகேசவனைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். நான் பேசுவதை அவன் புத்தகப் பேச்சாக மாற்றிக்கொள்கிறான். அங்கங்கே 'மேற்படி' என்று வந்தால் அது என்னுடையது அல்ல.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, உன் டி டிரைவ் இப்போது கிடையாது. இரண்டு, அது போகிற போக்கில் உன் கல்யாண விஷயம் ஒன்றை வெளியே தள்ளிவிட்டுப் போயிற்று. இந்த இரண்டாவது விஷயம் உன் அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கனகம்மாசத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரத்தின் பெண்ணுக்கு ஆடி பிறக்கும் முன் பூ வைத்துவிட வேண்டும் என்று அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறவள் அவள். நீயோ பெண் பார்க்கக் கூப்பிட்டாலே இரண்டு வருஷமாக லீவு இல்லை, லீவு இல்லை என்று நழுவுகிறாய். ஏன் நழுவுகிறாய் என்பது எனக்குப் போன வாரம் விளங்கிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ அந்த மிஷினை வாங்கி வைத்தது போன வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், இரண்டாவது பொத்தான் இல்லை. ஷாலினியைக் கூப்பிட்டு மூன்று விரலைக் காட்டி, "அண்ணி, சி உங்களுது. டி என்னுது, அதுல மட்டும் கை வெக்காதீங்க. ஈ பொது" என்றாய். மொத்தம் நாற்பது, சிக்குப் பத்து, டிக்குப் பதினைந்து, ஈக்குப் பதினைந்து என்று கணக்கும் சொன்னாய். இங்கேயே இருந்து உழைக்கிறவளுக்குப் பத்து, ஊரிலேயே இல்லாதவனுக்குப் பதினைந்து, இது என்ன பாகம் என்று எனக்கு அன்றைக்கே பட்டது. புது மிஷின் வந்த நாளில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. காவடி சங்கம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானக் கமிட்டி எல்லாருடைய நோட்டீசும் உன் அண்ணி கையில்தான் அச்சுக்குத் தயாராகிறது. போன புதன்கிழமை காலையில் அவள் முகம் வாடி வந்து நின்றாள். "மாமா, இடமில்லன்னு சொல்லுது மாமா. நோட்டீசத் தொறந்தா பாதி முருகருதான் தெரியறாரு. வேலு இருக்குது, மயிலக் காணோம்" என்றாள். மூலையில் மஞ்சளாக ஒரு கட்டம் எழும்புகிறது, அவள் மூடுகிறாள், அது மறுபடி எழும்புகிறது. கடன்காரனைப் போல. நான், "ஒங் கொழுந்தன் எடம் சும்மாதான கெடக்குது" என்றேன். "அதத் தொட்டா அவரு என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு" என்றாள். ஆறுமுகத்தைக் கேட்டேன். "என்ன இதுல இழுக்காத நைனா, ரயிலுக்கு நேரமாச்சி" என்று சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உனக்கு மூன்று தடவை போன் போட்டோம். மூன்று தடவையும் ஒரு பெண் தெலுங்கில் பேசினாள். யாரம்மா நீ, என் பிள்ளையைக் கூப்பிடு என்றேன். அது மிஷின் பேசுவது என்று ஷாலினி சொன்னாள்.

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுப்பிரமணியை அழைத்தோம். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைக்காரன், பொறுப்பானவன். ஒரு தகட்டைப் போட்டு மிஷினின் நிலத்தைப் படமாகக் காட்டினான். வாய்க்காலை ஒட்டிய கழனி மாதிரி நீளமாக, மூன்று துண்டு. "ஈ காலியாத்தான் கீது பெரியவரே. ஆனா பக்கத்துத் துண்டத்தான் சேக்க முடியும். சிக்கும் ஈக்கும் நடுவுல டி குந்திகினு இருக்குது" என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அறுபத்தெட்டில் திருவாலங்காட்டில் மூன்று அண்ணன் தம்பிகளின் கரும்புக் கொல்லையை அளக்க நான்தான் சங்கிலி பிடித்தேன். அங்கேயும் நடுத்துண்டுக்காரன் ஊரில் இல்லை. "நடுவுல கீறவனத் தூக்கி அந்தாண்ட வெச்சிடு, அவன் எடத்த இவளோட சேத்துடு" என்றேன். சுப்பிரமணி என் முகத்தையே பார்த்தான். "இத மத்தவங்களுக்கு வெளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆவும்" என்றான். அந்த வார்த்தையில் நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொன்னான். நம் ஊரில் வரப்பை வெட்டினால் பயிர் அப்படியே நிற்கும். இந்த நிலத்தில் வரப்பை எடுத்தால் உள்ளே இருக்கும் பயிரும் சேர்ந்து போய்விடுமாம். ஆகையால் முதலில் உன் சாமான் எல்லாவற்றையும் டியிலிருந்து ஈக்குச் சுமந்துபோய் அடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வரப்பில் கை வைக்க வேண்டும். மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு உருப்படி என்று பார்த்துச் சொன்னான். சுமை ஏற்றுவதைத் தொடங்கிவிட்டு, "பேப்பர் பறக்கும், நின்னதும் சொல்லி அனுப்புங்க" என்று இன்னொரு வீட்டு மிஷினைப் பார்க்கப் போய்விட்டான். ஷாலினியும் காவடி சங்கத்துக்காரருக்குச் சமாதானம் சொல்லக் கிளம்பிவிட்டாள். நான் மட்டும் ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

நீயும் பார்த்திருப்பாய். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத் தாள் தாளாகப் பறந்து போகும். கீழே ஏதோ எழுத்து ஓடியது, அது எனக்கு எதற்கு? கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போன லாரிகளில் இருபத்திரண்டு வருஷம் கரும்புக் கட்டு எண்ணி ஏற்றியவன் நான், ஒரு கட்டு தவறியதில்லை. தாளை எண்ண ஆரம்பித்தேன். நூற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. உன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு கொட்டை சேர்ந்து, அதற்கு மேல் பதினாலு தாளும் போயிற்று. தீர்ந்தது என்று நிமிர்ந்தேன். அதற்குப் பிறகும் தாள் பறந்துகொண்டுதான் இருந்தது. கட்டு முழுவதும் ஏற்றி முடித்த பிறகும் லாரியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் கரும்புத் தோகை பறக்கும், அந்த மாதிரி என்று விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து கரண்டு போயிற்று. பேட்டரிப் பெட்டி இரண்டு தடவை கூவிவிட்டு அடங்கியது. வேலை முடிந்த பிறகு போன கரண்டு, நல்ல கரண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்டு திரும்பியதும் சுப்பிரமணியும் வந்தான். "எல்லாம் போயிடுச்சா பெரியவரே?" என்றான். "ஆங், ஆயிரத்து எரநூத்திப் பதினாலு. எண்ணிட்டேன்" என்றேன். அவன் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். ஆனால் அவனுடைய அப்பா கரும்பு லாரி ஓட்டியவர். "தங்கவேலு எண்ணிட்டா எடை மேடைக்கே போவத் தேவையில்லன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றபடியே டியின் வரப்பை எடுத்துவிட்டான். எடுத்ததும் சியின் துண்டை அந்தப் பக்கம் இழுத்தான். பத்தாக இருந்தது இருபத்தைந்தாக நீண்டது. ஷாலினி வந்து நோட்டீசைத் திறந்தாள், முருகர் முழுசாக வந்தார், மயிலும் வந்தது. அவள் அழாத குறை. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிறகுதான் ஈயைத் திறந்து பார்த்தார்கள். நானூற்று முப்பத்தேழு உருப்படிதான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தாள் சும்மா படமாம், ஒரு தாளுக்கு ஒரு உருப்படி என்ற கணக்கே கிடையாதாம். உன் பாட்டு எல்லாம் போயிற்று. சினிமா எல்லாம் போயிற்று. சான்றிதழ்ப் படங்களும் போயின, ஆனால் அசல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பயப்படாதே. தோண்டி எடுக்க முடியாதா என்றேன். மேலே ஷாலினியின் சாமான் வந்து உட்கார்ந்துவிட்டதால் கஷ்டம் என்றான் சுப்பிரமணி. அவனைத் திட்டாதே. தப்பு எண்ணியவனுடையது.

வந்து சேர்ந்தது நல்லபடியாக வந்திருக்கிறதா என்று அவன் ஒன்றைத் திறந்து பார்த்தான். அதில் ஒரு பெண். இன்னொன்றைத் திறந்தான். அதே பெண். படங்கள் இருந்த பையின் மேலே 'சுப்ரஜா' என்று பெயர் போட்டிருப்பதை ஷாலினி படித்தாள். நூற்று நாற்பது படம் இருந்த இடத்தில் அறுபத்தொன்று வந்திருக்கிறது. அந்தப் பெண் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி தின்கிறாள். ஏரிக்கரையில் நிற்கிறாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் பக்கத்தில் நீ. ஒன்றில் அவள் கைப்பையை உன் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். இந்த வீட்டில் ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர் தூக்காதவன். சுப்பிரமணி இருமிக்கொண்டே வாசலைப் பார்த்தான். நான், "மூடுடா அத" என்றேன். உன் அம்மா அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஷாலினியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது என் தீர்ப்பைக் கேள். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், அதை மறுக்கவில்லை. ஆனால் யார், எவர், எந்த ஊர், அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள், ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த உன் அம்மா இதைக் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு மணவூர் போய்விடுவாள். எழுபத்தொன்பதில் ஒரு தடவை போனாள், பதினோரு நாள் நானே சமைத்தேன், அதை மறக்கவில்லை. ஆகையால் நீ லீவு போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். கனகம்மாசத்திரத்துப் பெண்ணைப் பார். படத்தில் இருக்கும் பெண்ணிடம் கௌரவமாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. மேற்படி படங்கள் தாயாருக்குத் தெரியாமல் அழிக்கப்படும். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். கைப்பை மாட்டிக்கொண்டு நின்றவன் முகம் கண்ணிலேயே இருக்கிறது. ஆனாலும் வீடு ஒன்றாக இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. தணிகைநாதன் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் வைத்திருக்கட்டும்.

இங்ஙனம்,
உன் நைனா தங்கவேல்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: பத்திரம் எழுதிய பழக்கம், ஆதிகேசவன் எழுதியதை முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கடிதத்தை ஒட்டவிட மாட்டேன் என்றான். அவன் குரல் ரிஜிஸ்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் பழகிய குரல், அடுப்படி வரைக்கும் போயிற்று. 'தாயாருக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா தெரியாது எனக்கு?" என்றாள். நான் ஆதிகேசவனைப் பார்த்தேன். அவன் பேனாவைப் பார்த்தான். "அறுவத்தியொரு படமும் போன வியாழக்கிழமையே பாத்தாச்சி. நீ தூங்கற நேரத்துல ஷாலினி தெனம் போட்டுக் காட்டுது. நீ எப்ப வாயத் தொறப்பன்னு நானும் பாத்துகினே கீறேன்."

"சத்தியம் பண்ணாளே" என்றேன். "சொல்ல மாட்டேன்னுதான மாமா சத்தியம் பண்ணேன், காட்ட மாட்டேன்னு பண்ணலியே" என்று உள்ளேயிருந்து ஷாலினி குரல் கொடுத்தாள்.

கனகம்மாசத்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே ஆள் அனுப்பி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம். பஞ்சாட்சரத்துக்கும் நிம்மதியாம், அவர் பெண் மேலே படிக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருந்ததாம். இவ்வளவும் என் வீட்டில் நடந்திருக்கிறது, நான் புளியங்கொட்டையைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகையால் மேலே எழுதிய தீர்ப்பு ரத்து. வெள்ளிக்கிழமை வர வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு வா, அந்தப் பெண்ணையும் அவள் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. ஆடியில் பேச்சு எடுக்க மாட்டோம், சாமி கும்பிட வந்ததாக இருக்கட்டும். படத்திலேயே பார்த்தாயிற்றே, இன்னும் நேரில் வேறு எதற்கு என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்லி ஆதிகேசவன் தலைக்கு மேலே நிற்கிறாள்:

"அறுவத்தியொரு படத்துலயும் அந்தப் பொண்ணு சிரிச்சிகினே கீது. கோவம் வந்தா எப்டி இருக்கும்னு நான் பாக்க வேணாமா?"