எட்டு மணி தரிசனமும் கஞ்சி போட்ட சட்டையும்

மன நிம்மதிக்கு வழி தேடி இமயமலைக்குப் போனவர்கள் உண்டு. காசிக்குப் போனவர்களும் உண்டு. திருப்பூரை விட்டு ஓரடி நகராமல், தன் சொந்தக் கம்பெனி கேட்டிலேயே அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி கிட்டுசாமி ஒருவர்தான். அந்த மகத்தான கண்டுபிடிப்பில் எனக்கும் சிறு பங்கு உண்டு. அவருடைய பனியன் கம்பெனியில் எழுத்தராக இருந்த அர்த்தநாரியாகிய நான், நடந்ததை நடந்தபடி வருங்காலத்துக்கு எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அது எழுபத்து மூன்றாம் வருடம், மின்வெட்டுக் காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நூலுக்குத் தட்டுப்பாடு. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு அதைவிட நீளமான வரிசை. தைத்தது பாதி தைக்காதது பாதியாக, கை இல்லாத பனியன்கள் ஒரு மூலையிலும் கழுத்து இல்லாத பனியன்கள் இன்னொரு மூலையிலும் குவிந்து கிடந்தன. முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. கோயமுத்தூருக்குப் போய்ப் பெரிய டாக்டர் ஒருவரைப் பார்த்தார்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. காலம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் ஒரு சின்னக் காரியத்தை விடாமல் செய்தால் மனசு தானாக நிலைக்கும் என்றாராம். அந்தக் காரியம் என்னவென்றும் அவரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். காலை எட்டு மணிக்கு நடக்க வேண்டும்.

முதலாளி இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் நூல் வியாபாரி ஒருவர் கம்பெனிக்கு வந்து, காரை எப்போது விற்றீர்கள் என்று மிகுந்த அனுதாபத்தோடு விசாரித்தார். நான்காம் நாள் வர வேண்டிய நூல் வரவில்லை. திருப்பூரில் ஒரு முதலாளி நடப்பது என்பது திவால் நோட்டீஸ் அடித்து ஒட்டுவதற்குச் சமம் என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே வைத்தியம் ஒரு 'சிறு திருத்தத்துடன்' அமலுக்கு வந்தது. எட்டு மணிக்கு மற்றவர்கள் நடந்து வருவார்கள். முதலாளி கேட்டில் நின்று அதைப் பார்ப்பார்.

அந்தக் காட்சியை எப்படி வர்ணிப்பேன்! எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாளி கேட்டுக்கு வந்துவிடுவார். நாற்பது தொழிலாளர்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து, "வணக்கமுங்க" என்பார்கள். அவர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வருவார். நாற்பதாவது வணக்கம் விழுந்ததும் முகம் தெளிந்துவிடும். பிறகு வீட்டுக்குப் போய் ஆறு இட்லி சாப்பிடுவார். ஒரே மாதத்தில் ரத்தக் கொதிப்பு இறங்கியது. டாக்டர் மெச்சி, நடையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கரண்ட் இல்லாத நாட்களில் எட்டரை மணிக்கு என்னுடைய பணி தொடங்கும். "மின்சாரம் இன்மை காரணமாக இன்று வேலை இல்லை என்பதை நிர்வாகம் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது" என்று வாசிப்பேன். 'ஆழ்ந்த' என்ற சொல்லைச் சேர்த்தது என் சொந்த யோசனை. கேட்டுவிட்டு நாற்பது பேரும் வந்த வழியே திரும்பி நடப்பார்கள்.

கரண்ட் வருவது யாருக்கும் தெரியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றேன் அல்லவா? ஊருக்குத்தான் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கள் லைனில் எந்தெந்த நாள் கரண்ட் இருக்கும் என்று அடுத்த வாரத்துக்கான தாள் ஒன்று மின்சார வாரியத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வந்துவிடும். அதன் அடியில் 'தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை நான் முதலாளியிடம் ஒரு தடவை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

"சொல்லிப்போட்டா எட்டு மணிக்கு எவனப்பா வருவான்? உடாமச் செய்யோணும்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல" என்றார்.

அது மருத்துவக் காரணம் என்பதால் நான் மேற்கொண்டு வாதாடவில்லை. தாளை என் டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நிம்மதியில் குறுக்கிட்டவள் நஞ்சம்மாள். பனியன்களை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. அருள்புரத்திலிருந்து கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஐந்து மைல் நடந்து வருவாள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், சம்பாதிப்பது அவள் ஒருத்தி. ஒருநாள் நேராக ஆபீஸ் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க மொதலாளி, இப்பக் கடலைக்காய் பறிக்கிற காலமுங்க. கரண்ட் இல்லாத நாளு எதுன்னு முன்னாலயே சொல்லிப்போட்டீங்கன்னா, அன்னிக்குக் கடலைக்காட்டுக்குப் போயிருவமுங்க. இங்க வந்துட்டுத் திரும்பறதுக்குள்ள அங்க ஆள் எடுத்துப்போடறாங்க. பத்துப் படி பறிச்சா ஒரு படி எங்களுக்குங்க. இந்த மாசத்தை உட்டா அடுத்த வருசந்தானுங்க."

கோரிக்கை உடனடியாகப் 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது. முதலாளி ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பரிசீலித்தார்.

"கரண்ட்டுங்கறது சாமி மாதிரி அம்மிணி. அது எப்ப வரும்னு நாம சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. நஞ்சம்மாள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. முதலாளியின் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

சட்டையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மெஷின் ஓடினால் கம்பெனி முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும், நல்ல துணியில் அப்பிக்கொள்ளும். அதனால் வேலை உள்ள நாளில் முதலாளி ஒரு பழைய பழுப்புச் சட்டையில்தான் வருவார். வேலை இல்லாத நாளில் அந்தப் பயம் இல்லை அல்லவா? கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து தரிசனம் தருவார். மடிப்புக் கலையக் கூடாது என்பதற்காக அதை முதல் நாள் மாலைதான் தேய்க்கக் கொடுப்பது. கம்பெனிக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்த நல்லானிடம் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். அவன் பெட்டியில் எரிவது கரி என்பதால் மின்வெட்டு அவனை ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கும் ஊர் அருள்புரம்.

அடுத்த வியாழக்கிழமை முதலாளி வெள்ளை வெளேரென்று கேட்டில் நின்றார். எட்டு அடித்தது. ஒருவரும் வரவில்லை. எட்டே காலுக்கும் ரோட்டில் ஒரு மாட்டு வண்டி மட்டும் போயிற்று. முதலாளிக்கு நெற்றி வியர்த்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"நீ வெளிய போயிட்டு உள்ள வாப்பா" என்றார்.

போனேன். வந்தேன். "வணக்கமுங்க" என்றேன். இன்னொரு தரம் என்றார். ஏழாவது வணக்கத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. எட்டாவதில் அவரே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"போதும்ப்பா. ஒரே மூஞ்சியா இருக்குது."

மறுநாள் கரண்ட் உள்ள நாள். நாற்பது பேரும் சரியாக எட்டு மணிக்கு வந்து நின்றார்கள். கேட்டிலேயே 'விசாரணை' நடந்தது. நேற்று கரண்ட் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது என்று முதலாளி கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. உங்க சட்டைதானுங்க சொல்லுச்சு" என்றாள் நஞ்சம்மாள். "வெள்ளைச் சட்டை தேய்க்க வந்தா மக்யா நாளு கரண்ட் இருக்கறதில்லீங்க. ரெண்டு மாசமாப் பாத்துட்டனுங்க, ஒருக்காக்கூடத் தப்புலீங்க. அதான் சாயங்காலமாப் போயி நல்லானைக் கேட்டமுங்க."

முதலாளி பக்கத்திலிருந்த நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் முன்னாலயே தெரியுமுங்களா?"

அலுவலக நடைமுறை, நிர்வாக ரகசியம் என்று தொடங்கினேன். வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லானுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதுங்க. கேட்டமுங்க, சொன்னானுங்க" என்று சொல்லிவிட்டுப் பனியன் மடிக்கப் போய்விட்டாள்.

அன்று மாலையே நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. வெள்ளைச் சட்டைக்குத் தடை. எல்லா நாளும் பழுப்புச் சட்டைதான். நல்லான் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. எட்டு மணிக்கு மறுபடியும் நாற்பது வணக்கமும் வந்து விழுந்தன. எட்டரைக்கு என் ஆழ்ந்த வருத்தமும் பழையபடி தொடர்ந்தது.

கடலைக்காய் பறிப்பு முடிய அப்போது இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. தாள் என் டிராயரில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. நானும் தினமும் ஒரு சின்னக் காரியத்தைப் பழகிக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு டிராயரை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். பதினெட்டு நாளும் விடாமல் செய்தேன்.

அந்த டாக்டரின் கைராசியைக் குறை சொல்ல முடியாது. அவர் சீட்டில் எழுதியபடி தினமும் விடாமல் நடந்தவள் நஞ்சம்மாள், போக வரப் பத்து மைல். ரத்தக் கொதிப்பு இறங்கியது முதலாளிக்கு. நல்ல தூக்கம் வந்தது எனக்கு.