சப்பட்டை மரத்தில் ஒரு மாப்பிள்ளை

விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிற எவனுக்கும் தன் ஊரைப் பற்றி முழுதாகத் தெரிந்திருக்காது. வேலைக்குப் போகிற தெரு, டீ குடிக்கிற கடை, முடி வெட்டுகிற இடம், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த ஊர். இந்த உண்மை எனக்குப் புரிந்தபோது நான் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு மாமரக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கிளையில், எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக மெட்ராசிலிருந்து வந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு நாய் இருந்தது.

நாயைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் பெண்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். (கல்யாணப் புரோக்கர் இதை 'சூப்பர்வைசர்' என்று சொல்லி வைத்திருந்தார். அவர் தொழிலை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.) ராயப்பேட்டையில் பரீதா என்று ஒரு பெண் இருப்பதாகத் தெரிந்து, அம்மாவும் அக்காவும் போய்ப் பார்த்து, கையோடு ஒரு போட்டோ வாங்கி வந்தார்கள். அந்தப் போட்டோவைக் கம்பெனி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்தே, லீவு போட்டவர்களுக்கெல்லாம் அந்த மாதம் வந்ததாகக் குறி போட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பெண்தான் வேண்டும். வேறு யாரும் வேண்டாம். அப்படி ஒரு பைத்தியம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தாயிற்று. இனிப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் பெண்ணின் அத்தாவும் அண்ணனும் வருவதாகக் கடிதம் வந்தது. "அப்படியே உங்கள் பக்கத்து ஊர்களையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒரு முழு வெள்ளைத்தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதினேன். எனக்குக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். (என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்த கதையும் வருகிறது.)

காலை 9: அய்யனார் அருவியில் குளியல். 11.30: ஸ்ரீவில்லிபுத்தூரில் சூடான பால்கோவா, கோபுர தரிசனம். மதியம் 2: வத்திராயிருப்பில் எங்கள் மாந்தோப்பு. 4.30: செண்பகத்தோப்பில் சாம்பல் நிற மலை அணில். (அணிலிடம் நேரம் கேட்டு வாங்கிய மாதிரி எழுதியிருக்கிறேன் பாருங்கள்.) கடைசியாக, 'இராஜபாளையம் நாய் பார்த்தல், நேரம் இருந்தால்.'

செங்கோட்டை போகிற ரயிலில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் ரஹ்மத்துல்லா மாமு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. துறைமுகத்தில் பெரிய வேலை. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல முகம். மகன் பஷீர் கழுத்தில் ஒரு கேமரா. மாப்பிள்ளை வீட்டைப் போட்டோ எடுத்துவந்து காட்டச் சொல்லி வீட்டுப் பெண்கள் ரோல் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரலை மாமு கையில் கொடுத்துவிட்டு, வாடகைக்குப் பிடித்த அம்பாசடரில் கிளம்பினோம். என் அத்தா கடையை விட்டு வர முடியாது, அம்மாவுக்கு ராத்திரி விருந்துச் சமையல். ஆக வழிகாட்டி நான் ஒருவன்தான். எனக்கு ஒரே குஷி.

அருவியில் தண்ணீர் இல்லை. பங்குனி மாதத்தில் எந்த அருவியில் தண்ணீர் வரும்? பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற எனக்கு இது ஞாபகம் வரவில்லை. தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக மாமு பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாறையில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது.

"மழைக்காலத்துல வந்தா இந்த எடத்துல நிக்கவே முடியாது மாமு" என்றேன்.

"இப்ப நல்லாவே நிக்க முடியுது தம்பி" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என் மானத்தைக் காப்பாற்றியது. பால்கோவா கிண்டுகிற இடத்துக்கே கூட்டிப் போனேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். மாமு ஒரு வாய் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு" என்றார். அப்புறம் மூன்றாவது. பஷீர் கணக்கில்லாமல் சாப்பிட்டான். நடுத்தெருவில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்த மாமு, "அடேயப்பா!" என்று வாய்விட்டே சொன்னார். எனக்கு அந்தக் கோபுரத்தையே நான் கட்டிய மாதிரி இருந்தது.

அந்தத் தெம்பில்தான் தோப்பைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். வத்திராயிருப்பு போய்ச் சேரும்வரை வாய் ஓயவில்லை. மாவில் பஞ்சவர்ண ரகம் இத்தனை மரம், சப்பட்டை ரகம் இத்தனை மரம், பாட்டன் காலத்துத் தோப்பு, எங்கள் தோப்பு, எங்கள் கிணறு, எங்கள் வேலி. இறங்கியதும் கையை அகல விரித்து, "நம்ம தோப்பு மாமு. எம்புட்டு வேணுமோ பறிச்சுக்கோங்க" என்று சொன்னேன்.

தோப்பைப் பார்த்ததும் மாமு ஆளே மாறிவிட்டார். வெயிலில் இலையெல்லாம் மினுமினுக்க, கிளைக்குக் கிளை காய் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. "தம்பி, சின்ன வயசுல ஏறினது. இப்ப ஏறலாமா?" என்று கேட்டார். நான் தடுக்கவில்லை. தடுப்பதாவது, முதுகைக் கொடுத்து ஏற்றிவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த ஐம்பத்தெட்டு வயது அதிகாரி விறுவிறுவென்று சப்பட்டை மரத்தில் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். பஷீர் பால்கோவா மயக்கத்தில் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

பதினைந்து காய் பறித்திருப்போம். மாமு சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். கல்யாணம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. தோப்புக் கடைசியிலிருந்து ஒருவன் கம்போடு ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் அது வந்தது. முழு வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு, கன்றுக்குட்டி உயரம். மரத்தடிக்கு வந்து முன்னங்கால் இரண்டையும் அடிமரத்தில் வைத்து எங்களைப் பார்த்தது.

மாமு மெல்ல என் பக்கம் திரும்பினார். "தம்பி, லிஸ்ட்ல கடைசியா நாய்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே, அது இதுதானா?"

காவல்காரன் வந்து சேர்ந்தான். நான் பார்த்தேயிராத ஆள்.

"ஏலே, யார்லே அது மரத்து மேல?"

"ஏய், மரியாதையாப் பேசு. இது எங்க தோப்பு!"

"போன வாரம் வந்தவனும் இதேதான் சொன்னான். இது குத்தகைத் தோப்புலே! ராஜா ஐயா பிடிச்சிருக்காக. செத்த நேரம் அங்கனயே இரி. அவியளக் கூட்டிட்டு வாரேன். ராணி, பாத்துக்கோத்தா!"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராணி மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது.

குத்தகை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கிளையை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். பூ பிஞ்சானதும் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டால், கடைசிக் காய் இறங்கும்வரை அது குத்தகைக்காரர் தோப்பு. மண் நம்முடையது, மரம் நம்முடையது, காய் மட்டும் நம்முடையது இல்லை. என் அத்தா எங்கள் தோப்பு மாங்காயைச் சந்தையில்தான் வாங்கி வருவார். மாசி மாதம் ஒருநாள் அத்தா சொல்லச் சொல்ல நான் ஒரு பத்திரம் எழுதியதும் மங்கலாக ஞாபகம் வந்தது. அப்போது என் சட்டைப்பையில் பரீதாவின் போட்டோ இருந்தது. கை எழுதியது, மனசு ராயப்பேட்டையில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் மரத்தில் இருந்தோம். சட்டைக்குள் முசுறு எறும்பு. காருக்குள் விழித்துக்கொண்ட பஷீர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டான். மாமு, வந்த வேலையையாவது முடிப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, விசாரணையை ஆரம்பித்தார்.

"சூப்பர்வைசர் வேலைனு புரோக்கர் சொன்னார்."

தரையில் நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த உயரத்தில், அந்த நாயின் பார்வையில், எனக்குப் பொய்யே வரவில்லை.

"கிளார்க்கு மாமு. சூப்பர்வைசர் லீவு போட்டா அவர் நாற்காலியில உட்காருவேன்."

"சிகரெட்?"

"எப்பவாச்சும். இல்ல மாமு, தெனமும் ஒண்ணு."

"போட்டோல தலைமுடி நிறைய இருந்துச்சே?"

"அது நாலு வருசத்துக்கு முந்தி எடுத்தது."

மாமு பெருமூச்சு விட்டார். அப்புறம் சொன்னார்: "தம்பி, நீங்க சின்ன வயசு. அந்தப் பக்கமாக் குதிச்சு வேலியைத் தாண்டி ஓடிருங்க. என்னை எதுவும் செய்யாது. நான் பாத்துக்கறேன்."

"உங்கள விட்டுட்டு நான் எப்படி மாமு போவேன்?" என்றேன். (நிஜத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பெற்ற தாயே கீழே நின்று கூப்பிட்டிருந்தாலும் அசைந்திருக்காது.)

ஒருவழியாகக் குத்தகைக்கார ராஜா மொபெட்டில் வந்து இறங்கினார். இராஜபாளையத்துக்காரர், அத்தாவின் பல வருடச் சிநேகிதர். அண்ணாந்து பார்த்தவர், "ஏமிரா இது! ஏ சாதிக், நீயாலே திருடன்?" என்று தெலுங்கும் தமிழுமாக என் பேரைச் சொல்லிக் கத்தினார். நாயைப் பிடித்துக் கட்டினார்கள். இருவரும் சறுக்கிக்கொண்டு இறங்கினோம். மாமுவின் வெள்ளை வேட்டி மரத்து நிறத்தில் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். வந்த விருந்தாளி யாரென்று தெரியாத ராஜா, நான் தோப்புக்காரர் மகன்தான் என்பதைக் காவல்காரன் நம்பட்டும் என்று சட்டைப்பையிலிருந்து பத்திர நகலை எடுத்து உரக்கப் படித்தார்.

"'ஆடி மாதம் முடியும்வரை தோப்பின் உரிமையாளரோ அவர்தம் குடும்பத்தாரோ காய்களைப் பறிக்கலாகாது. மீறிப் பறிப்பின் அது திருட்டாகவே கருதப்பட்டு, அன்னார் திருடராகவே நடத்தப்படுவர்.' இதுல உங்க அத்தா சொன்னது முதல் வரி மட்டும்தாம்லே. ரெண்டாவது வரி அழகுக்கு நீயாச் சேத்தது. வேண்டாம்னு சொன்னேன், 'இருக்கட்டும் ராஜா மாமா, சட்டப்படி கம்பீரமா இருக்கும்'னே. இருக்குல்ல கம்பீரமா?"

மாமு அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து என் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "நல்ல கையெழுத்து" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் தெரிந்ததும் ராஜா பதறிப்போய் ஒரு சாக்கு நிறைய மாங்காய் கட்டிக் காரில் ஏற்றினார். அணிலைப் பார்க்க யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி அம்மா ஆக்கிய பிரியாணியை மாமு ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டார். நடந்ததைக் கேட்ட அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மகன் கூறுகெட்டவன்தான், ஆனா கள்ளன் இல்ல" என்றார். அது எனக்குச் சாதகமாக இல்லை. ரயில் ஏறும்போது மாமு, "கடுதாசி போடறோம்" என்றார். கடுதாசி போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. பத்து நாட்களாகச் சாப்பாடு இறங்காமல் கிடந்த நான் அதைப் பிரிக்கப் பயந்து அக்காவிடம் கொடுத்தேன். அக்கா படித்தாள்: "ஆபத்தான நேரத்தில் தங்கள் மகன் என்னைத் தனியே விட்டுப் போக மறுத்தார். கேட்டதற்கெல்லாம் உண்மையும் சொன்னார். எங்களுக்கு முழுச் சம்மதம்." நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழவு விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மனசாட்சி உறுத்தவே பரீதாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். விசுவாசமும் இல்லை, ஒன்றும் இல்லை, கால் வரவில்லை என்று. அவள் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். காருக்குள்ளிருந்து பஷீர் எடுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளையை இரண்டு காலாலும் பின்னிப் பிடித்திருக்கிறேன். "எனக்கு அப்பவே தெரியும். வீட்டுப் போட்டோ வரும்னு பாத்தோம், இது வந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுத்தான் சரின்னேன்" என்றாள். அத்தோடு நிற்காமல் மெட்ராசுக்கு டிரங்கால் போட்டு மாமுவிடமும் சொல்லிவிட்டாள்.

மாமு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"மாப்பிள்ளை, எனக்கும் தெரியும். உங்க கிளை ஆடின ஆட்டத்துல என் கிளையும்ல ஆடிச்சு! நீங்களாச்சும் உண்மையச் சொல்லிட்டீங்க. நான் உங்களைக் குதிக்கச் சொன்னது எதுக்குன்னு நெனச்சீங்க? நாய் உங்க பின்னால ஓடினா நான் எறங்கிக் காருக்கு ஓடிரலாம்னுதான்."

போன வருடம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சம்பளம், வீடு, கார் என்று எல்லாரும் விசாரித்து முடிக்கும்வரை மூலையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மாமு (என் மகளுக்கு நன்னா, அதாவது தாத்தா), கடைசியாக வாயைத் திறந்தார்.

"தம்பி, மரம் ஏறுவீங்களா?"

எங்கள் வீட்டில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பையன் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சும்மா ஏற மாட்டேன் நன்னா. நாய் துரத்துனா ஏறுவேன்."

மாமு என்னைப் பார்த்தார். "முடிச்சிருங்க மாப்பிள்ளை" என்றார்.