அமிர்தராஜ் தாத்தாவுக்குப் பக்கத்தில் உன் பெயர்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி

அன்புள்ள தங்கச்சி மதலைமேரிக்கு,

உன் அக்கா லூர்துராணி எழுதிக்கொள்வது. கடிதத்தை 'அன்புள்ள' என்றுதான் தொடங்க வேண்டும் என்று அஞ்சாம் கிளாஸில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் போட்டிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு நீ வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. உன்னோடு போனில் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தேனே தவிர, கடிதத்துக்குச் சத்தியம் செய்யவில்லை. இங்கே மாதா புண்ணியத்தில் எல்லோரும் சுகம். ஸ்ரீரங்கத்தில் உன் மகன் வீட்டில் நீ சுகமா என்று கேட்க மாட்டேன். லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று மாடி ஏறி இறங்கி உன் முட்டி வீங்கியிருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீயும் கேட்காதே. எண்ணெயைச் சுடவைத்துத் தேய்.

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகன் பிராங்க்ளின் வீட்டு ஆஷ்லிக்குப் பிறந்தநாள். கடையில் அழைப்புக் கார்டு வாங்க வேண்டாம், போனில் படம் அனுப்பவும் வேண்டாம், நானே செய்து நானே அச்சடிப்பேன் என்று பிள்ளை ஒரே பிடிவாதம். மருமகள் பெலிண்டா ஆபீஸ் வேலைக்காக வீட்டிலேயே பிரிண்டர் வைத்திருக்கிறாள், எழுத்து அதில் வந்துவிடும், ஆனால் ஓரத்தில் கையால் போட்ட பூ வேண்டுமாம். நான் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சிவப்புச் சாயத்தில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்தேன். பூ விழுந்ததும் பிள்ளை வாயைப் பிளந்துவிட்டது. "இத யாரு அப்பாயி உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டது. அங்கேதான் வந்தது வினை.

யார் சொல்லிக்கொடுத்தது? நீதான். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து கார்டு செய்தோம். நீ ஒற்ற ஒற்ற நான் ஊதி ஊதிக் காயவைத்தேன். தாள், கவுன், சுவர் எல்லாம் பூ. கரண்டியோடு அடிக்க வந்த அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்த்ததில்லை. அந்தக் கார்டில் உன் பெயரை மட்டும் எழுதிக் கன்னியாஸ்திரியம்மா கையில் கொடுத்து நீ மாதா படம் வாங்கிக்கொண்டதும் எனக்கு மறக்கவில்லை. ஊதினவள் பெயர் எங்கே?

அந்தப் பழக்கம்தானே உன் மகள் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்தது. அழைப்பவர்கள் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர் போட்டாய். குடித்துவிட்டுத்தான் வருவார் என்று தெரிந்தே அரியமங்கலத்துச் சின்ன மாமா பெயரைப் போட்டாய். உன் மாடியில் வாடகைக்கு இருந்தவர் பெயரைக்கூடப் போட்டாய். என் வீட்டுக்காரர் அமிர்தராஜ் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு அச்சுக்காரர் விட்டுவிட்டார் என்றாய். அச்சுக்கூடத்திலிருந்து வந்த ப்ரூஃபைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவள் நீ, பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொடுத்தவள் நான். அந்த மனுஷன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே வந்து பந்தல் வேலை பார்த்தார். பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பேரு இல்லாட்டி என்ன ராணி, வேலை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் பரிமாறப் போய்விட்டார். வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறை கடைசி வரைக்கும் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டை என் பெட்டியில் இருக்கிறது.

இதையெல்லாம் பூ ஒற்றிக்கொண்டே பிள்ளையிடம் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதுமா, விட்டுப்போனதையும் சேர்த்து மறுபடி சொன்னேன். அப்புறம் சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டேன். பெலிண்டா போனில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள், பிள்ளை தானே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டி, தானே அச்சடித்திருக்கிறது. நான் வந்து பார்த்தால் பிரிண்டரில் மை தீர்ந்து கிடக்கிறது, கார்டெல்லாம் கூடம் முழுக்கக் காய்கிறது. கடைசி வரி: "உங்களை ஆசையாக எதிர்பார்க்கும் அமிர்தராஜ் தாத்தா, மதலைமேரி பாட்டி."

அவ்வளவுதான். பெற்ற அப்பன் பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, வெண்டைக்காய் வெட்டின என் பெயர் இந்தத் தடவையும் இல்லை. என் புருஷனுக்குப் பக்கத்தில், ஜோடி சேர்த்த மாதிரி உன் பெயர். பெலிண்டாவின் அம்மா கார்டைப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, செத்துப்போனவரு எப்படிங்க எதிர்பார்ப்பாரு?" என்று கேட்கிறார். நான் பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் இப்படிப் போட்டாய் என்றேன். "நீங்க எப்பவும் இவங்க ரெண்டு பேரைப் பத்தித்தானே பேசுறீங்க அப்பாயி. இவங்க வந்தா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்ல" என்றது. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், இந்தக் கார்டு யார் மூலமாவது உன் கண்ணில் பட்டு, அக்கா மனசு இளகிவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாது. பெலிண்டாவை மை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அடிக்கப்போகிறோம். அவர் பெயரை எடுக்கமாட்டேன், யார் என்ன கேட்டாலும் சரி. ஆகவே நீ முட்டிவலியோடு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வர வேண்டாம். உன்னை இங்கே யாரும் கூப்பிடவில்லை.

மாதா உன்னையும் உன் பேரப்பிள்ளைகளையும் உன் முட்டியையும் காப்பாற்றட்டும்.

எதையும் மறக்காத அக்கா,
லூர்துராணி

பி.கு.: இதை எழுதி மடித்துவைத்த மறுநாளே மை வந்துவிட்டது. மறுபடி அடிக்கலாமா என்று பிள்ளை கேட்டது, வெண்டைக்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதே கார்டைத் தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிராங்க்ளின் கார் எடுத்துக்கொண்டு வருவான், லிஃப்ட் ஓடாவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டாவது இறங்குவான், அடம்பிடிக்காதே. பத்திரிகையில் பெயர் இருக்கிறவர்கள்தான் வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க என்று சொல்ல வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. கார்டில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவரால் வர முடியாது. இன்னொருத்தி நீ.