மூன்று மீசையும் ஒரு ரேசரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த நீலமேகம் மாமாவுக்கு, காரைக்கால்மேட்டிலிருந்து பாரதிப்ரியா பணிவுடன் எழுதுவது. இங்கே மூன்று மீசைகளைத் தவிர அனைவரும் நலம். சிங்கப்பூரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், அப்பா அதைப் பிடுங்கி உங்களிடம் பிளேடு கேட்பார்.

நீங்கள் அனுப்பிய ரேசரும் பிரஷும் சந்தன சோப்பும் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை மாமா. மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில். முன்பு சலூனுக்குப் போய் நொடியில் திரும்புகிற ஆம்பளைகள், இப்போது வெந்நீர், துண்டு, நுரை என்று காலை முழுக்க எங்கள் வாசலில்தான். மீன் ஏலம் இல்லாத குறைக்கு அன்பழகன் சித்தப்பா, யார் முதலில் சவரம் செய்வது என்று ஏலம் விடுகிறார். "ஒரு கட்டுக் கருவாடு, ஒரு தரம்!" அம்மா, "காபி போட வெந்நீர் இல்ல, உங்க தாடைக்கு அண்டா அண்டாவா போவுது" என்று கத்தினால், அப்பா நுரைக்குள்ளிருந்து, "சும்மா இரு கனகம், சொகமா இருக்கு" என்கிறார்.

அதோடு விட்டார்களா? விஷ்ணுப்ரியா அக்காவைப் பெண் பார்க்க அக்கரைப்பேட்டையிலிருந்து வருகிற அன்றைக்குத்தான் அப்பா மீசை ஓரத்தை நேராக்கக் கிளம்பினார். வலது குறைந்தது, சரி என்று இடதைக் குறைத்தார், மறுபடி வலது, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. "அண்ணன் மட்டும் தனியா நிக்கலாமா?" என்று இரண்டு சித்தப்பாக்களும் எடுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பிகள் ஒரே நாளில் மீசை எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தாத்தா வேறு வாசல் கட்டிலில் தலையையும் மூடி வேட்டியைப் போர்த்தித் தூங்குகிறார். ஆட்டோவிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா நெடுமாறன், மூன்று மொட்டை உதடுகளையும் பார்த்தார், கட்டிலையும் பார்த்தார். கையிலிருந்த பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பெரியவர் எப்ப தவறுனாரு? தெரியாம வந்துட்டோம்ங்க" என்று திரும்ப ஏறிவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் சாவு என்றால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. அப்பா துண்டால் மேலுதட்டை மூடிக்கொண்டார். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை போட்டோவிலேயே பிடித்துப் போயிருந்தது. பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அழுகிறாள்.

யாரிடமும் வாய் திறக்காத நான், கழுவிக்கொண்டிருந்த சவர நுரைக் கிண்ணத்தோடு ஓடி ஆட்டோவை மறித்தேன். "சாவு இல்லீங்க, ரேசருங்க!" கிண்ணத்தை நீட்டினேன். அவர் நுரையைத் தொட்டு மோந்து பார்த்தார். அதற்குள் தாத்தா எழுந்து, "எவன்டா என்னைய அனுப்பி வைக்கிறது?" என்று சத்தம் போட, ஆட்டோக்காரர் முதற்கொண்டு சிரித்துவிட்டார்கள். பிறகென்ன, பஜ்ஜி, காபி, சம்மதம்.

ஆகவே மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இனி ஒரு பிளேடுகூட அனுப்பாதீர்கள். நிச்சயதார்த்தத்துக்குள் மூன்று பேருக்கும் மீசை முளைக்கட்டும். அத்தைக்கு என் அன்பு. மாரியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

பணிவுள்ள,
பாரதிப்ரியா

பி.கு.: கவரை ஒட்டும்போது போன் வந்தது. "போட்டுப் பாத்துட்டுத் தாங்க சம்பந்தி" என்று அப்பா பெண் பார்த்த அன்றே ரேசரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்று மீசையில்லாத நெடுமாறன் மாமா வீட்டு வாசலில் தெருவே மாலையோடு நிற்கிறதாம். அப்படியும் ரேசரைத் திருப்பித் தரமாட்டாராம். சீர்வரிசையில் பீரோ வேண்டாம், இது போதும் என்கிறார். அப்பா சாப்பிடாமல் தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு இன்னொரு செட் அனுப்புங்கள் மாமா. பிளேடு கொஞ்சம் கூடுதலாக.