பச்சைமலையில் ஒரு புகாரும் இல்லை

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு பிற்பகல்

சௌபாக்கியவதி வேணிக்கு அம்மாவின் ஆசீர்வாதங்கள். நானும் மாப்பிள்ளையும் க்ஷேமமாக வீடு வந்து சேர்ந்தோம். பெங்களூரில் நீயும் அவ்விதமே இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

நம் ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். பச்சைமலை ஓடைக்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு நான் புகார் சொல்லாமல் தங்கிவிட்டால், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வரும்படி நீ இனிமேல் கேட்கக் கூடாது. ஒரு புகார் சொன்னாலும் நான் பெட்டியைக் கட்ட வேண்டும். நான் சொல்லவில்லை. கீழே வருபவை தகவல்கள்.

உப்பிலியபுரம் தாண்டி மலையேறினோம். அங்கே இருப்பவை மூன்று கூடாரங்கள், ஓர் ஓடை, தகரக் கதவு போட்ட ஒரு கழிவறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் காவலாள் வெள்ளைச்சாமி. கான்வென்ட்டில் கற்ற ஆங்கிலப் பிரார்த்தனையைப் பாடினேன். வெளியே காத்திருந்த துவாக்குடி காலேஜ் பையன்கள் நால்வரும் மரியாதையாக எழுந்து நின்றார்களாம். என் கூடாரத்தின் தரை சரிவு. உள்ளே தலைவைத்துப் படுத்தவள், விடியும்போது வாசலில் இருந்தேன். காப்பி என்று ஒன்று தந்தார்கள். நிறம் சரியாக இருந்தது.

ஓடையில் குளித்தேன், தண்ணீர் ஐஸ். மடிப்புடவையைத் துவைத்தால் யார் கையும் படாத உயரத்தில் உலர்த்த வேண்டுமே, ஒரு கொடி கிடையாது. ஆகையால் மாப்பிள்ளையின் கூடாரத்தின் மேல் விரித்தேன். ஏழு மணிக்கும் அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஈரப்புடவையின் கனத்தைக்கூடத் தாங்காமல் கம்பு ஒடிந்து, கூடாரம் அவர்மேல் படுத்துவிட்டது. நானே எடுத்திருப்பேன், ஒடிந்த கம்பில் புடவை சிக்கியிருந்தது, இழுத்தால் கிழியும்.

"மாமி! மூச்சு முட்டறது! யாரையாவது தூக்கச் சொல்லுங்கோ!"

பையன்கள் ஓடிவந்தார்கள். "குளிச்சாச்சா?" என்று கேட்டேன். பல்கூடத் துலக்கவில்லை.

"அப்போ புடவையைத் தொடாதீங்கோ. முங்கிட்டு வாங்கோ."

"பாட்டி, உள்ள ஆள் இருக்காருங்க!"

"தெரியும். என் மாப்பிள்ளைதான்."

நால்வரும் ஓடைக்கு ஓடினார்கள். அப்போது வெள்ளைச்சாமி வந்து, "நான் விடியக்காலையே முங்கியாச்சுங்கம்மா. துணியும் துவைச்சதுதான். எடுக்கட்டுங்களா?" என்றார். அந்த மலையில் என்னைத் தவிர மடியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நூல் அறாமல் புடவையை எடுத்துக் கொடுத்தார். பிறகு மாப்பிள்ளையையும் எடுத்தார். பையன்கள் நடுங்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றபோது வேலை முடிந்திருந்தது.

"ஏன் மாமி, நான் முக்கியமா, புடவை முக்கியமா?" என்றார் மாப்பிள்ளை.

"முதல்ல குளிச்சுட்டு வாங்கோ, அப்புறம் பேசலாம்" என்றேன். இதில் புகார் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

வேளைக்குச் சாப்பிடு. அரங்கன் உங்கள் இருவரையும் நோய்நொடியின்றி வைக்கட்டும்.

அன்புள்ள அம்மா,
சந்திரம்மாள்

பி.கு.: எழுதியதைச் சிவப்புப் பேனாவோடு ஒருமுறை படித்தேன். புகார்கள் ஒன்பது. ஓடையில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்துவர மனமில்லை. அதை எங்குமே எழுதவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதாக இல்லை. வேறொரு தாளில் 'காடு நன்றாக இருந்தது' என்று ஒரே வரி எழுதி, மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். அது பொய்யும் அல்ல.