தெர்மாமீட்டர் வைத்த பேட்டி

வேலை கொடுக்க வந்தவரையே நோயாளியாக்கிப் பாயில் படுக்க வைத்த டாக்டர் சேலம் ஜில்லாவில் ஒருவர்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியில் எல்லோருக்கும் அவர் 'கேள்வி டாக்டர்'தான். தபால்காரரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கார்டை நீட்டுவார்.

ஐம்பதுகளின் தொடக்கம். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர் குடியிருந்த வாடகை அறைக்கும் என் அறைக்கும் ஒரே சுவர். என் இருமல் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும், "வறட்டு இருமலா சார், சளியோடவா?" என்ற கேள்வி அதே வழியாகத் திரும்பி வரும்.

அவருக்கு வேலை அவசரமாக வேண்டியிருந்தது. மனைவி சாமல்பட்டியில் தகப்பனார் வீட்டில் இருந்தார். மாமனார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "குவார்ட்டர்ஸோட ஒரு வேலயக் காட்டுங்க மாப்ள, பொண்ண அனுப்பறேன். இந்த ஒத்த ரூம்புல அவ எங்க நிப்பா?"

விண்ணப்பம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அன்று நம்பினேன். அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை காரணம் எதுவும் தென்படவில்லை. வணக்கம் முதல் கையொப்பம் வரை முறைப்படி எழுதிக் கொடுப்பேன். அவர் நடுவில் தம் சரக்கைச் சேர்ப்பார். ஒரு ஆஸ்பத்திரி அவருடைய அனுபவம் என்னவென்று கேட்டது. குணப்படுத்தியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினார். தமக்குப் புரியாமல் போன நோய்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார்.

"இத அடிச்சிடுங்க டாக்டர். வேல கேக்கறவன் எழுதற விஷயமா இது?"

"நோயாளி மறைச்சா நான் திட்டறேன் இல்ல சார்?"

ஆஸ்பத்திரி பதில் எழுதவில்லை.

அடுத்து, மைசூர் சீமையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு டாக்டர் தேடிக்கொண்டிருந்த பெங்களூர் ஏஜெண்ட் ஒருவர் கடிதம் போட்டார். சம்பளம் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு, உடனே சம்மதம் தெரிவிக்கவும். ஒரு வரி போதும். நம்மவர் எழுதினார்: 'முன்பிருந்த டாக்டர் போனது திடீரென்றா, படிப்படியாகவா? அவருக்கு முந்தியவர்? இந்தத் தொந்தரவு எவ்வளவு நாளாக?'

"வேல கேக்கறீங்களா, வியாதி விசாரிக்கறீங்களா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

இதற்கும் பதில் வரவில்லை. ஏஜெண்டே வந்தார். வேறு டாக்டர் யாரும் சிக்கவில்லை போலும். மாம்பழக் காலத்து வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளரோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். முறை தவறாமல் பார்த்துக்கொள்ள நானும் அறையில் உட்கார்ந்தேன்.

"கேள்வியெல்லாம் நானு கேக்கணும் சாமி. நீங்க பதில் சொல்லணும். அதுதான் இன்டர்வியூ."

"கேளுங்க. அதுக்கு முன்னாடி வாயத் திறங்க."

திறந்த வாயில் தெர்மாமீட்டர் போய்விட்டது. அது உள்ளே இருந்த நேரத்தில் நம்மவர் பேட்டியைத் தாமே நடத்தி முடித்தார். காய்ச்சல்காரனுக்கு லீவு கொடுப்பது டாக்டர், மானேஜர் அல்ல. கூலிக்காரர்களுக்கு மருந்து வந்து சேர்ந்த பிறகே தாம் வருவார். குவார்ட்டர்ஸ் ஜன்னல்களுக்குக் கொசுவலை வேண்டும், ஏனெனில் மனைவியும் வருகிறார். ஏஜெண்ட் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பேசாதீங்க, உடைஞ்சிடும்."

பிறகு அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னிக்கு நீங்க பஸ் ஏற முடியாது. பாய்ல படுங்க. தோட்டத்துக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

ஏஜெண்டுக்கு அதற்குள் நடுக்கம் வந்துவிட்டது. டாக்டருடைய போர்வை போதாமல் என் கம்பளியும் போயிற்று. அதன் அடியிலிருந்து குரல் வந்தது: "ஹளே டாக்டரு, அதான் பழைய டாக்டரு, இந்தக் குளிர் ஜொரத்துலதான் ஓடிட்டாரு சாமி. அவருக்கு முன்னாடி இருந்தவரும்."

"இதத்தானே லெட்டர்ல கேட்டேன்" என்றார் டாக்டர், கோபமே இல்லாமல்.

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் ஏஜெண்ட் தோட்ட முதலாளிக்குக் கடிதம் எழுதினார். டாக்டரின் நிபந்தனைகளில் ஒன்றைக்கூட விடவில்லை. மருந்து என்ற இடத்தில் அடிக்கோடு வேறு. முறைப்படி பார்த்தால் அந்தக் கடிதத்தில் நான் திருத்த வேண்டியது நிறைய இருந்தது. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

தோட்டம் எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. மாமனாரே மகளைக் கூட்டிவந்து பஸ் ஏற்றினார். "கேள்வி கேட்டே வேல வாங்கிட்டாரே" என்று என்னிடம் ஏதோ ஏமாந்தவர் மாதிரி சொன்னார்.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவ்வப்போது ஒரு கார்டு வரும்: 'இருமல் எப்படி? காலையில் அதிகமா, மாலையிலா?' அவர் போகும்போது கொடுத்த மருந்திலேயே இருமல் நின்றுவிட்டது. அதை மட்டும் நான் எழுதவில்லை. 'காலையில்தான் அதிகம்' என்று ஒவ்வொரு கார்டுக்கும் முறைப்படி பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.