ரத்தினபாய்க்கு லைசென்ஸ் வாங்கித் தந்த நல்ல மனுஷர்

ராஜகீழ்ப்பாக்கத்தில், தன் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில், மசாஜ் சென்டர் வரவே கூடாது என்று அசரியா முடிவெடுத்தார். மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் எடுத்தார். காபியில் குறையே இல்லை. குறை எல்லாம் போர்டில்தான்.

"மசாஜ் சென்டர்னு போட்டிருக்கியே ரத்தினா, நான் சபையில கமிட்டி மெம்பர். நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"இவருக்கு இனிமே முதுகு வலிக்காதுன்னு நினைப்பாங்க."

"வேற பேர் வெக்கக் கூடாதா?"

"லைசென்ஸ்ல என்ன தொழிலோ, அதைத்தாங்க போர்டுல போடணும்."

ரத்தினபாய் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை பெற்ற பெண்கள், நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பெண்கள், இவர்களுக்காக ஓர் இடம் நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஓய்வுப் பணமெல்லாம் கீழே கட்டிலாகவும் வாசல் கேமராவாகவும் ஆகிவிட்டது. மாநகராட்சியிலிருந்து வந்து பார்த்தால்தான் லைசென்ஸ். ஆனால் விண்ணப்பங்கள் மலையாகக் கிடந்தன. அவள் முறை வருவதாகக் காணோம். அசரியா தினமும் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

அசரியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சரி, நாய் குரைத்தாலும் சரி, முதல் புகார் அவருடையதுதான். மாநகராட்சியின் புகார் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு சாயங்காலம் ரத்தினபாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, மசாஜ் ரூம் கதவுல உள்தாழ்ப்பாள் இருந்தா விண்ணப்பமே தள்ளுபடியாம். நம்ம கதவைப் பத்தி வெளிய மூச்சு விட்டுடாதீங்க."

"ச்சேச்சே! நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவள் சமையலறைக்குப் போனாள். இவர் மொட்டைமாடிக்குப் போனார். கௌரவம் பார்த்து இதுவரை கீழ்ப் போர்ஷனில் கால் வைக்காதவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு போனில் விளாசினார்: "பேர் வேணாம் சார். மசாஜ் சென்டர் வரப்போகுது சார். கதவுல இவ்வளவு பெரிய உள்தாழ்ப்பாள் சார்! உடனே வந்து பாருங்க சார்!"

வந்துவிட்டார்கள். சின்மயி என்ற பெண் அதிகாரி ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அசரியா கேட்டைத் திறந்துவிட்டார்.

"வாங்க மேடம். கதவோட உள்பக்கத்தை நல்லாப் பாருங்க மேடம்."

சின்மயி பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்து கழற்றிய ஓட்டைகூட இல்லை. ரத்தினபாயின் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், துவைத்து மடித்த துண்டுகளைப் பார்த்தார்.

"புகார்னா உடனே வந்தாகணும்மா. வந்தது வந்தேன், உங்க லைசென்ஸ் ஆய்வையும் இதோட முடிச்சிடறேன். எல்லாம் கச்சிதமா இருக்கு."

"ரொம்ப நன்றி மேடம்" என்றாள் ரத்தினபாய். அசரியா தானே போய்க் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

சென்டர் திறந்த முதல் நாள் வந்தவள் பக்கத்துத் தெரு ஸஹானா. கைக்குழந்தைக்காரி. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக்கொண்டு வந்தவள், போகும்போது வாசலில் நின்ற அசரியாவைத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், திரும்புது பாருங்க! ஆன்ட்டி கைக்குக் கோயிலே கட்டலாம்!"

இப்படிப்பட்ட கையையா முடக்கப் பார்த்தோம்? அந்தத் தாழ்ப்பாள் இல்லாமல் போனதற்காக அன்று மனதார நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். ரத்தினபாய் எழுந்தாள்.

"பேர்கூடச் சொல்லாம ஒரு நல்ல மனுஷர் போன் போட்டு, ஆபீசரை எங்க வாசலுக்கே வரவழைச்சார். அவர் நல்லா இருக்கணும்."

"ஆமென்!" என்றது சபை. ஓர் ஆமென் மட்டும் தாமதமாக, மெலிதாக வந்தது.

எல்லாரும் கேசரி சாப்பிடப் போனதும் அசரியா மனைவி பக்கத்தில் ஒதுங்கினார்.

"உனக்கு... தெரியுமா?"

"தாழ்ப்பாள் பத்தி உங்ககிட்ட மட்டும்தாங்க சொன்னேன்."

"கோபமே இல்லையா ரத்தினா?"

"எதுக்குங்க? மனசாரத்தான் நன்றி சொன்னேன். நீங்க இல்லேன்னா இன்னும் காத்துகிட்டுத்தானே இருப்பேன்?"

அவள் முகத்தில் கேலி இல்லை. சும்மா நின்றவள், பழக்க தோஷத்தில் அவர் தோள்பட்டையை ஓர் அழுத்து அழுத்தினாள். பல நாள் பிடிப்பு விட்டது. அசரியாவின் கண் கலங்கியது.

"சத்தியமாச் சொல்றேன் ரத்தினா, இனிமே உன் மேல ஒரு புகாரும் பண்ண மாட்டேன்."

"ஐயையோ, அப்படி எல்லாம் சொல்லிடாதீங்க" என்று பதறினாள் ரத்தினபாய். "சிறுசேரி பக்கம் இன்னொரு கிளைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்."